ரைலேயில் கல்லேற வன்னியிலிருந்து வெளிக்கிடுவோருக்கு

முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்தவர்கள் கடல் பெருகுவதையும் வற்றுவதையும் பெரிதாகக் கணக்கெடுப்பதில்லை. இலங்கையைச் சுற்றியுள்ள கடலில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே ஒரு மீற்றர் உயர வித்தியாசம்கூட வராது. காற்றும் நீரோட்டமும்தான் எங்கட தொழிலைத் தீர்மானிக்கும். அதே கண்ணோடு தாய்லாந்தின் ரைலேக்குப் போனால் முதல் நாளே திட்டம் குழம்பும். அங்கே பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் கடல் இரண்டரை மீற்றர் அளவுக்கு ஏறி இறங்கும். காலையில் வள்ளம் வந்து நின்ற இடத்தில் பின்னேரம் சேறு கிடக்கும். காலையில் நடந்து வந்த பாதை மத்தியானம் தண்ணிக்குக் கீழே போயிருக்கும்.

ரைலே தீவு அல்ல. கிராபி மாகாணத்தில், ஆவ் நாங் என்ற கரையோர ஊருக்குப் பக்கத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தரைதான். ஆனால் பின்பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் மலை செங்குத்தாக நிற்பதால் தெரு கிடையாது, வள்ளம் மட்டும்தான். உள்ளே நான்கு கரைகள். குளிக்க நல்ல மணல் உள்ளது மேற்கு ரைலே. கண்டலும் சேறுமாக இருப்பது கிழக்கு ரைலே. தெற்கு முனையில் பிரா நாங், வடமேற்கில் டொன் சாய். ஏறும் சுவர்கள், அதாவது செங்குத்துப் பாறை முகங்கள், இந்த நான்கையும் சுற்றித்தான் இருக்கின்றன. அவற்றில் ஏறும் வழிகள் எழுநூறுக்கு மேல். கையை மட்டும் வீசிக்கொண்டு வந்த புது ஆளுக்கும் வழி உண்டு, வருடக்கணக்காக ஏறுபவரைத் திணறடிக்கும் வழியும் உண்டு.

வற்று நேரம் பார்க்க எங்கட வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். போயா நாளும் அமாவாசையும் குறித்திருக்கும். அவற்றுக்குப் பிறகு ஓரிரண்டு நாள் வரை பெருக்கு மிக உயரமாகவும் வற்று மிகத் தாழ்வாகவும் இருக்கும். அட்டமியை ஒட்டி இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். ஒரு நாளுக்கு இரண்டு பெருக்கு, இரண்டு வற்று. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். சரியான மணிக்கு ஆவ் நாங் அல்லது கிராபிக்கான வற்று அட்டவணையை இணையத்தில் எடுத்து, தங்கும் நாட்கள் முழுவதற்கும் கைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் எந்த நாள் எந்தச் சுவர் என்று யோசிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எதற்கு எந்தக் கடல் என்றால்: மேற்கு ரைலேயிலிருந்து டொன் சாய்க்குக் கரையோரப் பாறையைச் சுற்றி நடக்க வற்று வேண்டும். இல்லாவிட்டால் காட்டுப் பாதையால் ஏறி இறங்க வேண்டும், அரை மணித்தியாலம் வரை போகும். வற்றில் நடந்து போனவர் திரும்பும் நேரத்தையும் அப்பவே கணக்குப் பார்க்க வேண்டும். நெஞ்சளவு தண்ணியில் கயிற்றுப் பையைத் தலையில் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாறையில் நடப்பது தேவையில்லாத வேலை. டொன் சாயில் வற்றுக்கு வள்ளம் கரைக்கு வராது, முருகைக்கல்லும் பாறையும் வெளியே தெரியும். தண்ணிக்கு மேலே கயிறில்லாமல் ஏறிக் கடலில் விழும் விளையாட்டுக்குப் பெருக்கு கட்டாயம்.

காலம் பற்றிய கணக்கு எங்களுக்குக் கொஞ்சம் நெருக்கடியானது. அங்கே காய்ந்த காலம் கார்த்திகையிலிருந்து சித்திரை வரை. மே தொடக்கம் ஒக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும். புரட்டாதியிலும் ஐப்பசியிலும் மழை மோசம், மேற்குக் கரையில் வள்ளம் விடுவதே சிரமம். அந்த நேரங்களில் ஆவ் நாம் மாவ் துறையிலிருந்து கிழக்கு ரைலேக்கு விடுவார்கள். அங்கே காய்ந்து கிடக்கும் மாதங்களில்தான் இங்கே காலபோகம். மார்கழி விடுமுறையில் போகலாம் என்றால் நத்தாரிலிருந்து புதுவருடம் தாண்டும்வரை அறை வாடகை எகிறிவிடும், சுவருக்குக் கீழே வரிசையில் நிற்க வேண்டி வரும். வெட்டு முடிந்து நெல்லும் விற்ற பிறகு, மாசிக் கடைசியும் பங்குனியும் எங்களுக்குப் பொருந்தும். வெயில் கடுமைதான், ஆனால் வன்னி வெயிலில் நின்றவருக்கு அது பெரிய விசயமில்லை. வியர்வைதான் வேறு மாதிரி, கை காயவே காயாது. ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களுக்கும் புத்தாண்டு, சொங்கிரான். தெருவெல்லாம் தண்ணி ஊற்றுவார்கள். பார்க்க நல்லது, கடவுச்சீட்டைப் பொலித்தீனில் சுற்றாமல் வெளியே போகக்கூடாது.

கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருப்பதால் அதற்காகக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. 2024 யூலை 15 முதல் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு 60 நாள் விசா விலக்கு அறிவித்திருந்தார்கள். இந்த விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், ரிக்கற் போட முதல் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள். 2025 மே 1 தொடக்கம் இணைய வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது இடைத்தரகருடையது. திரும்பும் ரிக்கற், தங்குமிடப் பதிவு, கையில் காசு இருப்பதற்கான சான்று, மூன்றையும் கடதாசியில் அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. இளம் பொடியன் தனியாகப் போனால் குடிவரவு அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள். எங்க போறாய், யாரிட்ட தங்குறாய் என்றால் பதறாமல் தாளை நீட்டினால் முடிந்துவிடும்.

கிளிநொச்சி, வவுனியாப் பக்கமிருந்து புத்தளம் வழியாகப் போகும் பஸ் எடுத்தால் நீர்கொழும்பில் இறங்கிக் கட்டுநாயக்கவுக்குப் போகலாம், கொழும்புவரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. பாங்கொக்குக்கு மூன்றரை மணித்தியாலம் அளவில் பறப்பு. அங்கே எங்கட நேரத்தைவிட ஒன்றரை மணி முந்தி. பாங்கொக்கில் இரண்டு விமான நிலையங்கள்: சுவர்ணபூமி, டொன் முவாங். ஒன்றில் இறங்கி மற்றதிலிருந்து கிராபிக்கு ரிக்கற் போட்டவர்கள் நெரிசலில் மாட்டிப் பறப்பைத் தவறவிடுவது வழக்கமான கதை. இடையில் ஐந்து மணித்தியாலம் வையுங்கள், அல்லது ஒரே நிலையத்திலிருந்து போகும் பறப்பைத் தேடுங்கள். அங்கிருந்து கிராபி ஒன்றேகால் மணித்தியாலம் சொச்சம். கோலாலம்பூர் வழியாகவும் கிராபிக்கு நேரே போகலாம், சில வேளை அது மலிவு.

இருட்டிய பிறகு கிராபியில் இறங்கினால் அன்றிரவு ஆவ் நாங்கில் படுத்துவிட்டு விடிய வள்ளம் எடுப்பதுதான் புத்தி. ஆவ் நாங்கிலிருந்து மேற்கு ரைலேக்குப் பகலில் ஆளுக்கு 100 பாத் (தாய்லாந்துக் காசு) அளவில், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு கூடும். கடற்கரையில் ரிக்கற் கூடு இருக்கும். எட்டுப் பேர் சேர்ந்தால் விடுவார்கள், அவசரமென்றால் மிச்ச ஆக்களின் காசையும் நீங்களே கட்டலாம். பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம். கிராபி நகரத் துறையிலிருந்து கிழக்கு ரைலேக்கு முக்கால் மணித்தியாலம். ஒரு பாத் எத்தனை ரூபா என்று அன்றைய விகிதத்தில் கணக்குப் பாருங்கள்.

மேற்குக் கரையில் இறங்குதுறை இல்லை. முழங்காலளவு, சில வேளை தொடையளவு தண்ணியில் இறங்கி நடக்க வேண்டும். சில்லு வைத்த சூட்கேஸ் கொண்டுபோனவரின் முகத்தை அந்த இடத்தில் பார்க்க வேண்டும்! தோளில் மாட்டும் பை, கைபேசிக்கும் கடவுச்சீட்டுக்கும் தண்ணி புகாத உறை, காலில் செருப்பு இல்லாமல் கையில் செருப்பு. ஏறும்போது வள்ளத்தின் முன்பக்கத்தால் ஏறுங்கள். பின்பக்கம் வாகன இயந்திரத்தில் பூட்டிய நீளத் தண்டும் விசிறியும் சுழலும், அந்தப் பக்கம் போகவே கூடாது.

இனி ஏறும் வேலை. கிழக்கு ரைலேயின் தெற்கு முனைப் பக்கமாக ஒன்று-இரண்டு-மூன்று என்று அழைக்கிற சுவரும் அதற்குப் பக்கத்தில் முவே தாய் சுவரும் இருக்கின்றன. பயிற்சி நிலையங்கள் புது ஆக்களைக் கொண்டுபோவது அங்கேதான். அரை நாளுக்கு 1000 பாத்தை ஒட்டி, முழு நாளுக்கு 1800 பாத்தை ஒட்டிக் கேட்பார்கள். சப்பாத்து, இடுப்புப் பட்டை, கயிறு எல்லாம் அதற்குள். காசு கட்ட முதல் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், ஹெல்மெட் தருவீர்களா. நான்கு பேருக்கு மேல் என்றால் அரை நாளில் பாதி நேரம் கீழே குந்தியிருக்க வேண்டியதுதான். கிழக்குப் பார்த்த சுவரில் காலை வெயில் அடிக்கும், பின்னேரம் நிழல். அதனால் முதல் தடவைக்குப் பின்னேர அரை நாள் நல்லது. ஆனால் எல்லாரும் ஏறித் தேய்த்த சுவர் அது. லேசான வழிகளில் கால் வைக்கும் இடங்கள் கண்ணாடிபோல் மினுங்கும். வழியின் கடினத் தரவரிசை (எண் கூடினால் கடினமும் கூடும்) பிரெஞ்சு முறையில் 5 என்று எழுதியிருந்தாலும் கால் வழுக்கினால் 6 போலத்தான் தெரியும்.

எங்கட பொடியன்களுக்குக் கை பலம் இருக்கும். மண்வெட்டி பிடித்த, வலை இழுத்த கை. அதனாலேயே முதல் வழியில் கையால் உடம்பை இழுத்து ஏறப் பார்ப்பார்கள். பத்து மீற்றரில் முன்கை வீங்கி விரல் திறந்துவிடும். சீவல் தொழிலாளி பனையில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்: தளைநாரில் காலை ஊன்றித்தான் உடம்பு மேலே போகும், கை மரத்தை அணைத்திருக்கும், அவ்வளவுதான். இங்கேயும் அதே கணக்கு. சப்பாத்தின் நடுப்பாதத்தை அல்ல, பெருவிரல் நுனியைக் கல்லில் வையுங்கள். குதி தாழ இருக்கட்டும். இடுப்பைச் சுவரோடு ஒட்டினால் பாரம் காலுக்குப் போகும். கையை மடக்கியபடி தொங்காமல் நீட்டித் தொங்கினால் தசை இளைப்பாறும். பெண்பிள்ளைகள் பலர் முதல் நாளில் ஆண்களைவிட நன்றாக ஏறுவதற்குக் காரணம் இதுதான். கை பலத்தை நம்பாமல் காலைத் தேடி வைக்கிறார்கள்.

ஏற முதல் ஒவ்வொரு முறையும் ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும். வழிகாட்டி கட்டிவிட்டார் என்று விட்டுவிடக் கூடாது. இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே நிற்கிறதா, இழுத்தால் கீழே வழுகாமல் இருக்கிறதா? கயிற்றை இடுப்புப் பட்டையில் கட்டும் எட்டு முடிச்சில் கயிறு இரட்டை இரட்டையாகச் சமாந்தரமாக ஓடுகிறதா, மிச்ச வால் ஒரு சாண் இருக்கிறதா? கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவரின் கருவியில் கயிறு சரியான பக்கமாகப் போயிருக்கிறதா, கராபினர் (கயிறு கொளுவும் உலோக வளையம்) பூட்டித்தான் இருக்கிறதா? முப்பது செக்கன் போதும். எட்டு முடிச்சை வீட்டிலேயே நைலோன் கயிற்றில் கண்ணை மூடிக்கொண்டு கட்டும்வரை பழகிவிட்டுப் போகலாம்.

நைலோன் கயிறு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முல்லைத்தீவில் வாங்கிய நல்ல தடித்த வள்ளக் கயிற்றைக் கொண்டுபோய்ப் பாறையில் பாவிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. ஏறும் கயிறு விழுகையில் இழுபடும்படி நெய்தது. தரப்படி முதல் விழுகையில் 40 சதவீதம் வரை நீளலாம். அந்த நீட்சிதான் விழுகிற வேகத்தை வாங்கிக்கொள்கிறது. வள்ளக் கயிறு அப்படி நீளாது, அதிர்ச்சி முழுவதும் முதுகெலும்புக்கும் மேலே கல்லில் அடித்துள்ள போல்ட்டுக்கும் போகும்.

சொந்தமாக ஏறத் தெரிந்தவர்கள் கொண்டுபோக வேண்டியது 70 மீற்றர் கயிறு, பன்னிரண்டு முதல் பதினாறு குயிக்ட்ரோ (கயிற்றைப் போல்ட்டோடு கொளுவும் இரட்டைக் கராபினர்). 60 மீற்றர் கயிறும் பல வழிக்குப் போதும். ஆனால் அந்தக் கயிற்றில் ஒருவரை 30 மீற்றருக்கு மேல் இறக்க முடியாது. வழியின் நீளம் 32 மீற்றர் என்றால் கடைசி நேரத்தில் கயிற்றின் நுனி பிடிப்பவரின் கருவிக்குள்ளால் வழுகிப் போய், மேலே உள்ளவர் நிலத்தில் விழுவார். உலகம் முழுக்க நடக்கும் விபத்து இது. கீழ் நுனியில் ஒரு தடுப்பு முடிச்சு போட்டால் நடக்காது. கயிற்றை மணலில் போடாமல் ஒரு தறப்பாள் துண்டில் விரியுங்கள்.

ரைலேயில் எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது சுவரில் உள்ள போல்ட். ஆரம்ப காலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்தான் அடித்தார்கள். கறள் பிடிக்காத உலோகம்தானே என்று நினைத்தார்கள். கடலின் உப்பு ஈரமும் வெப்பமும் சுண்ணாம்புக்கல்லில் ஊறும் தண்ணியும் சேர்ந்து, இழுவிசையில் இருக்கும் ஸ்டீலுக்குள் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கிவிட்டன. மேலே பார்த்தால் பளபளப்பாக இருக்கும், உள்ளே வெடித்திருக்கும். அடித்து ஓரிரு வருடத்திலேயே ஆளின் பாரத்துக்கு முறிந்தவையும் உண்டு. அதன் பிறகு டைட்டானியம் போல்ட்டைத் துளைக்குள் எப்பொக்சிப் பசையால் ஒட்டும் முறைக்கு மாறினார்கள். தன்னார்வலர்கள் நன்கொடை சேர்த்துப் பழைய வழிகளை ஒவ்வொன்றாக மாற்றி வருகிறார்கள். ஏறும் கடை மேசையில் உண்டியல் இருந்தால் ஒரு நாள் தேத்தண்ணிக் காசைப் போடுங்கள்.

கிட்ட நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். டைட்டானியம் மங்கின சாம்பல் நிறம். வளைத்த தனிக் கம்பியாகக் கல்லுக்குள் போகும், கழுத்தில் பசை காய்ந்த வளையம் தெரியும். தட்டும் அதன் நடுவில் நட்டும் தெரிந்தால் அது அநேகமாகப் பழைய ஸ்டீல்; பளபளப்பை நம்பவேண்டாம். கல்லின் இயற்கை ஓட்டைக்குள்ளால் கோத்துக் கட்டிய கயிற்றுத் துண்டுகளும் சில இடத்தில் இருக்கும். வெயிலில் நிறம் போய், தொட்டால் விறைப்பாக இருந்தால் அதில் பாரம் போடக்கூடாது. எந்த வழி மாற்றியது, எது மாற்றாதது என்று உள்ளூர் வழிகாட்டிப் புத்தகத்திலும் ஏறும் கடைகளிலும் அன்றன்றைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கயிறில்லாமல் கடலுக்கு மேலே ஏறும் பயணத்துக்கு வள்ளத்தில் போடா தீவுப் பக்கம் கொண்டுபோவார்கள். அந்தத் தீவுகள் 1983 இல் அறிவித்த தேசியப் பூங்காவுக்குள் வருவதால் நுழைவுக் கட்டணம் விலையில் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஏறுவதைவிட விழுவதுதான் இங்கே படிக்க வேண்டியது. கால் முதலில், உடம்பு நேராக, கை நெஞ்சோடு. குந்தியபடி விழுந்தால் ஆறு மீற்றரிலேயே தொடையும் முதுகும் கன்றிவிடும். தண்ணீரில் விழுவதால் பயமில்லை என்று மேலே மேலே போகத் தோன்றும். குதிக்கத் தயங்கும் உயரத்துக்கு ஏறாமல் இருப்பதே நல்லது. குளத்தில் நீந்தத் தெரிந்தது மட்டும் போதாது, அலையில் மிதக்கத் தெரிய வேண்டும்.

ஏறாத நாளில் பலர் போவது பார்வைமுனைக்கும் அதற்கு அப்பால் மலைக்குள் இருக்கும் உப்புநீர்க் குளத்துக்கும். பிரா நாங் போகும் பாதையிலிருந்து கயிறு பிடித்துச் சிவப்புக் களிமண்ணில் ஏற வேண்டும். பார்வைமுனை இருபது நிமிடம்; குளத்துக்கு இறங்க நேர்செங்குத்தான கயிற்றுத் துண்டுகள் இருக்கின்றன. மழை பெய்த அடுத்த நாள் போகவே வேண்டாம், களி சவர்க்காரம் மாதிரி. செருப்போடு போனவர் வெறுங்காலோடுதான் திரும்புவார். குளமும் கடலோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் வற்றுக்குப் போனால் சேறுதான் கிடக்கும்.

பிரா நாங் கரைக் குகையில் மரத்தால் செதுக்கிய இலிங்கங்கள் குவிந்திருக்கும். கடலுக்குப் போகும் மீனவர்கள் அந்தக் கடல் தேவதைக்கு வைத்த நேர்த்தி. சிரித்துக்கொண்டு படம் எடுக்கிற வெளிநாட்டு ஆக்களைப் பார்த்து நாங்களும் அப்படிச் செய்யத் தேவையில்லை. அந்தப் பாதையில் குரங்குகள் இருக்கும். பொலித்தீன் பையைக் கண்டால் பறிக்கும், கடித்தால் விசர்நாய்க்கடி ஊசித் தொடர் போட வேண்டி வரும். எங்கட தென்னந்தோட்டத்துக் குரங்கைவிடத் துணிச்சல் கூட. கடலில் சொறி (ஜெலிமீன்) சுட்டால் உரசாமல், நன்னீர் ஊற்றாமல், வினாகிரி ஊற்றுங்கள். கரைகளில் போத்தல் வைத்த கம்பங்கள் இருக்கும்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை, சோறு எங்கும் உண்டு. அந்தக் கரையோரத்தில் முஸ்லிம் மக்கள் நிறைய என்பதால் ஹலால் கடை தேட வேண்டியதில்லை. சைவக்காரர்கள்தான் கவனிக்க வேண்டும்: மரக்கறி என்று சொன்னாலும் மீன் சோஸ் ஊற்றிவிடுவார்கள். "ஜே" என்று கேட்டால் மீனும் முட்டையும் இல்லாமல் தருவார்கள். காசைக் கிராபியிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். ரைலேயில் வெளிநாட்டு அட்டை போட்டால் ஒவ்வொரு முறையும் கட்டணம் வெட்டும்.

காப்புறுதி எடுத்தால் சிறிய எழுத்தை வாசியுங்கள், பல பத்திரங்கள் பாறையேற்றத்தை விலக்கி வைத்திருக்கும். எலும்பு முறிந்தால் வள்ளத்தில் ஏற்றிக் கிராபிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஏறும் கருவிகளை ஒவ்வொரு பின்னேரமும் நன்னீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். கராபினரின் வில்லில் உப்பு இறுகினால் வாய் மூடாது. திரும்பும்போது வியர்வைக்குக் கையில் பூசி மிச்சமான சோக்குத் தூளைக் கைப்பையில் வைக்க வேண்டாம். பெயர் அச்சிட்ட பக்கற்றோடு பெரிய பையில் போட்டு அனுப்புங்கள். பொலித்தீனில் கட்டிய வெள்ளைத் தூளைக் கட்டுநாயக்கவில் விளங்கப்படுத்திக்கொண்டு நின்றால் வவுனியா பஸ் போய்விடும்.